பக்கமும் துண்டும்: எச்.ரி.எம்.எக்ஸ். நிரலகமும் தீவக வாசகரும்

நூலொன்று வாசகரைச் சென்றடையும் வழியை அந்நூலின் வரலாற்றிலிருந்து பிரித்து நோக்குதல் இயலாது. ஏட்டுச் சுவடியாகக் கிடந்த கலித்தொகையைச் சி. வை. தாமோதரம்பிள்ளை 1887 இல் அச்சிற் பதிப்பித்தபோது வடிவத்தோடு வேறு பலவும் மாறின. அதனை வாசிக்கத்தக்கோர் யாவர், அதற்கு யார் எவ்வளவு செலவிட வேண்டும், பிரதியைப் பெருக்கும் கருவி யார் கையில் இருந்தது என்பன அவற்றுட் சில. அச்சுக் காலத்தைப் பொறுத்தவரை நமது இலக்கிய வரலாற்றாசிரியர்கள் இவ்வினாக்களை ஓரளவுக்கேனும் எழுப்பியுள்ளனர். அச்சிலிருந்து திரைக்கு நிகழ்ந்த பெயர்ச்சியைப் பற்றி எழுதுவோரோ பெரும்பாலும் வியப்போடு நின்றுவிடுகின்றனர். உலகம் உள்ளங்கைக்குள் வந்துவிட்டது என்ற வகையான கூற்றுக்கள் மேடைக்குப் பொருந்தலாம். உள்ளங்கையிலுள்ள கருவி என்ன வேலையைச் செய்கின்றது, அவ்வேலைக்கான செலவை யார் ஏற்கின்றார் என்ற வினாக்களுக்கு அவை விடையாகா.

இக்கட்டுரை எடுத்துக்கொள்ளும் பொருள் அளவிற் சிறியது. எச்.ரி.எம்.எக்ஸ். என்பது ஜாவாஸ்கிரிப்ற் மொழியில் எழுதப்பட்ட ஒரு நிரலகம். பிற நிரலாளர் எடுத்துப் பயன்படுத்தத்தக்கவாறு முன்கூட்டியே எழுதிவைக்கப்பட்ட நிரல்களின் தொகுதியே நிரலகம் எனப்படும். சுருக்கி அனுப்பும்போது இதன் பருமன் ஏறத்தாழ 14 முதல் 16 கிலோபைற்று வரையாகும். வழங்கிக் கணினி ஆக்கிமுடித்த பக்கத்துண்டொன்றைப் பெற்று, வாசகரின் திரையில் ஏற்கெனவே நிற்கும் பக்கத்தின் ஒரு பகுதியில் மட்டும் அதனைப் பொருத்துவதே இதன் தொழில். இத்தகைய செய்தி தமிழ்ச் சங்க ஆய்விதழில் இடம்பெறுவானேன் என்று வாசகர் வினவக்கூடும். ஊர்காவற்றுறையிலோ நயினாதீவிலோ நெடுந்தீவிலோ இருந்துகொண்டு தமிழ் நூலொன்றைத் தேடும் ஒருவரை நடுவில் வைத்து நோக்கின், இந்நிரலகம் எழுப்பும் பிரச்சினை உழைப்பை யார் தலையிற் சுமத்துவது என்ற பழைய பிரச்சினையே என்பது புலனாகும்.

முதலில் அடிப்படையைத் தெளிவுபடுத்திக்கொள்ளல் வேண்டும். சுவிற்சர்லாந்தின் ஜெனீவா நகரையடுத்த அணுக்கருவியல் ஆய்வு நிலையமான சேர்னில் பணியாற்றிய ரிம் பேர்னேர்ஸ்-லீ 1989 இல் முன்வைத்த திட்டத்திலிருந்து உலகளாவிய வலை பிறந்தது. மீயுரை என்ற கருத்து அதற்கு முந்தியது. ரெட் நெல்சன் 1965 இலேயே அச்சொல்லை வழங்கியிருந்தார். பேர்னேர்ஸ்-லீயின் அமைப்பில் இரு பாகங்கள் உள்ளன. ஒன்று, ஆவணங்களை வைத்திருந்து கேட்டவர்க்கு அனுப்பும் வழங்கி. மற்றையது, அனுப்பப்பட்டதைத் திரையிற் காட்டும் உலாவி. வழங்கி அனுப்புவது எச்.ரி.எம்.எல். எனப்படும் குறிமொழியில் எழுதப்பட்ட பக்கம். எது தலைப்பு, எது பந்தி, எதை அழுத்தினால் எங்கே செல்லலாம் என்பவை அப்பக்கத்திலேயே எழுதப்பட்டிருக்கும். உலாவி அதனை வாசித்து அப்படியே காட்டும். ஒரு பக்கத்தை ஆக்கும் உழைப்பு வழங்கியிடமும், காட்டும் உழைப்பு மட்டும் வாசகரின் கருவியிடமும் இருந்தன என்பதை இவ்விடத்தில் மனங்கொள்ளல் அவசியமாகும்.

இவ்வமைப்பில் ஒரு குறைபாடு இருந்தது. பக்கத்தில் ஓரிடத்தில் ஓர் எண் மாறினாலும் முழுப்பக்கத்தையும் மீண்டும் அனுப்ப வேண்டியிருந்தது. தலைப்பு, பட்டியல், அடிக்குறிப்பு யாவும் மறுபடி வந்தன. அவ்வேளையில் திரை ஒரு கணம் வெறுமையாயிற்று. மைக்ரோசொவ்ற் நிறுவனம் தனது மின்னஞ்சற் சேவைக்காக உருவாக்கி 1999 இல் தன் உலாவியிற் சேர்த்த ஒரு கருவி, பக்கத்தைக் கலைக்காமலே பின்னணியில் வழங்கியோடு பேச வழிசெய்தது. 2004 இல் வெளிவந்த ஜிமெயில் இம்முறையின் ஆற்றலைப் பரவலாக உணர்த்திற்று. 2005 பெப்ரவரியில் ஜெசி ஜேம்ஸ் காரெற் அதற்கு ஏஜாக்ஸ் என்று பெயரிட்டார். இதுவரை நிகழ்ந்தது இயல்பான வளர்ச்சி எனலாம். அடுத்து நிகழ்ந்ததே நமது கவனத்திற்குரியது.

பின்னணியிற் பேசுதல் சாத்தியமானதும், வழங்கி ஆக்கிமுடித்த பக்கத்தை அனுப்புவதை நிறுத்திவிட்டு, ஜேசன் எனப்படும் வடிவில் வெறுந்தரவை மட்டும் அனுப்பத் தொடங்கிற்று. தரவைப் பக்கமாக மாற்றும் வேலை வாசகரின் கருவிக்கு வந்தது. அவ்வேலையைச் செய்யும் நிரல்களும் அக்கருவிக்கே அனுப்பப்பட்டன. கூகிள் வெளியிட்ட அங்குலர் 2010 இலும், ஃபேஸ்புக் வெளியிட்ட றியாக்ற் 2013 மே மாதத்திலும் பொதுப்பயன்பாட்டுக்கு வந்து இம்முறையை நிலைநாட்டின. தீவக வாழ்க்கையிலிருந்து ஓர் உவமை கூறின், நெடுந்தீவிலிருந்து பாண் வேண்டுமென்று சொல்லி அனுப்பியவருக்குக் குறிகாட்டுவானிலிருந்து மாவையும் போறணையையும் விறகையும் படகில் ஏற்றிவிட்டு, சுட்டுக்கொள்ளும் முறையையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிடுவது போன்றது இது. நாள்தோறும் நூறு பாண் சுடுவோர்க்கு அது வசதியாகவும் இருக்கலாம். ஒரு றாத்தல் கேட்டவர்க்கு அது பெருஞ்சுமை.

சுமை எவ்வளவு? உலகெங்குமுள்ள இணையத்தளங்களை அளவிட்டு ஆண்டுதோறும் வெளிவரும் வலைப் பஞ்சாங்கம் என்ற அறிக்கை, கைப்பேசிக்கு அனுப்பப்படும் நடுத்தரப் பக்கமொன்றில் ஜாவாஸ்கிரிப்ற் நிரல் மாத்திரம் ஏறத்தாழ 550 கிலோபைற்று எனப் 2024 இற் காட்டிற்று. இது சுருக்கப்பட்ட நிலையிலான அளவு. கருவிக்குள் விரிந்ததும் பன்மடங்காகும். நொடிக்கு 400 கிலோபிற்று வேகமுள்ள நலிந்த இணைப்பொன்றைக் கொண்டு கணக்கிட்டால், இந்நிரல் வந்துசேர மட்டும் 11 நொடிகள் செல்லும். அதே இணைப்பில் எச்.ரி.எம்.எக்ஸ். வந்துசேர ஒரு நொடியின் மூன்றிலொரு பங்கு போதும். வந்துசேர்வதோடு வேலை முடிந்துவிடுவதுமில்லை. நிரலை வாசித்து, மொழிபெயர்த்து, இயக்கி, பக்கத்தைக் கட்டும் வரை கைப்பேசியின் செயலகம் உழைக்க வேண்டும். அதற்கு மின்கலம் செலவாகும். புதிய விலையுயர்ந்த கைப்பேசி அதனை உணராமலே செய்யும். பழைய மலிவான கைப்பேசி சூடேறித் திணறும்.

நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்றிலும் காற்றாலையும் சூரிய ஒளியும் மின்கலமும் இணைந்த மின்னாக்கத் தொகுதிகளை அமைப்பதற்கு இந்திய அரசின் 11 மில்லியன் டொலர் மானியத்தில் ஒப்பந்தம் கைச்சாத்தானது 2024 மார்ச் 1 ஆம் திகதியே. அன்று இம்மூன்று தீவுகளும் நாட்டின் மின்வலையமைப்புக்கு வெளியே நின்று டீசல் மின்பிறப்பாக்கிகளை நம்பியிருந்தன. பண்ணைப் பாலமும் அதனைத் தொடரும் பாதைகளும் ஊர்காவற்றுறையையும் வேலணையையும் புங்குடுதீவையும் குடாநாட்டோடு தரைவழி இணைக்கின்றன. நயினாதீவும் நெடுந்தீவும் இன்றும் படகையே நம்பியவை. நெடுந்தீவில் ஒல்லாந்தர் காலத்துப் புறாக்கூடு ஒன்று நிற்கின்றது; செய்திப் புறாக்களுக்காக அமைந்ததென்று கூறுவர். கூற்று உண்மையாயின், சுமப்பவரின் வலிமையறிந்து செய்தியைச் சுருக்கிய காலமும் இத்தீவுக்கு இருந்ததென்று கொள்ளலாம்.

தமிழ் வாசகருக்கு மட்டுமே உரிய ஒரு சுமையும் உண்டு. இன்று வழக்கிலுள்ள ஒருங்குறிக் குறியேற்றத்தில் ஆங்கில எழுத்தொன்றுக்கு ஒரு பைற்றும், தமிழ்க் குறியொன்றுக்கு மூன்று பைற்றும் தேவை. உயிர்மெய் பெரும்பாலும் இரு குறிகளால் ஆவது. நெடுந்தீவு என்ற பெயர் தமிழில் பத்துக் குறிகளாய் 30 பைற்றுக்களைக் கொள்ள, ஒல்லாந்தர் இட்ட டெல்ஃப்ற் என்ற பெயர் ரோமன் எழுத்தில் ஐந்து பைற்றுக்குள் அடங்கிவிடுகின்றது. அனுப்பும்போது சுருக்குவதால் இவ்வேறுபாடு பெருமளவு குறையும் என்பது உண்மையே. எனினும் தமிழ்ப் பக்கத்துக்கு வேண்டிய எழுத்துருவையும் சேர்த்து நோக்குமிடத்து, தேவையற்ற நிரலைச் சுமக்க நம்மிடம் மிச்ச இடமில்லை என்றே கூறல் வேண்டும்.

இம்மாற்றம் ஏன் நிகழ்ந்தது? பெருநிறுவனங்கள் தம் வழங்கிகளின் செலவைக் குறைப்பதற்காகத் திட்டமிட்டு வாசகர் தலையில் வேலையைக் கட்டினர் என்று கூறின், அது கொச்சைப் பொருள்முதல்வாதமாகும். காரணங்கள் பல. ஒரே தரவை இணையத்தளத்துக்கும் கைப்பேசிச் செயலிகளுக்கும் வழங்க வேண்டிய தேவை அந்நிறுவனங்களுக்கு இருந்தது. நூற்றுக்கணக்கான நிரலாளர் ஒரே பக்கத்தின் வெவ்வேறு பாகங்களில் ஒருங்கே பணிபுரிய வேண்டியிருந்தது. இத்தேவைகளுக்கேற்ப முன்புற நிரலாளர், பின்புற நிரலாளர் என்ற வேலைப்பிரிவினை தோன்றிற்று. தொழிற்சந்தையும் பயிற்சி நிலையங்களும் அப்பிரிவினையையே இயற்கை நியதிபோலக் கற்பித்தன. விளைவாக, மூவரோ நால்வரோ நடத்தும் ஊர்ச்சங்கமும் கல்லூரிப் பழைய மாணவர் அமைப்பும்கூடத் தமது இணையத்தளத்துக்குப் பல்லாயிரம் பேர் பணிபுரியும் நிறுவனத்தின் கட்டமைப்பைத் தழுவலாயின. ஆளும் வர்க்கத்தின் கருத்துக்களே ஒரு காலத்தின் ஆளும் கருத்துக்களாகின்றன என்பது தொழில்நுட்பத் தெரிவுகளுக்கும் பொருந்துவதையே நாம் இங்குக் காண்கின்றோம்.

இதற்கு மாறான போக்கொன்றின் விளைவே எச்.ரி.எம்.எக்ஸ். அமெரிக்காவின் மொன்ரானா மாநிலத்தைச் சேர்ந்த கார்சன் குரொஸ் 2013 இல் இன்ரர்கூலர் என்ற நிரலகத்தை வெளியிட்டார். றியாக்ற் வெளிவந்ததும் அதே ஆண்டுதான் என்பது குறிப்பிடத்தக்கது. இன்ரர்கூலர், அக்காலத்திற் பெருவழக்கிலிருந்த ஜேகுவெரி என்ற மற்றொரு நிரலகத்திற் சார்ந்திருந்தது. அச்சார்பை நீக்கி அவர் மீண்டும் எழுதியதே 2020 இல் எச்.ரி.எம்.எக்ஸ். ஆக வந்தது. அதன் இரண்டாம் பதிப்பு 2024 ஜூனில் வெளியாயிற்று. மூலநிரலை எவரும் எடுத்துப் பயன்படுத்தலாம், மாற்றலாம், விலையில்லை.

இதன் கருத்தமைவை நான்கு வினாக்களாகக் கூறுவது வழக்கம். எச்.ரி.எம்.எல். மொழியில் இணைப்பும் படிவமும் மட்டுமே வழங்கியைக் கேட்கலாம் என்றிருப்பதேன்? அழுத்துதலும் சமர்ப்பித்தலும் மட்டுமே கேள்வியைத் தூண்டலாம் என்றிருப்பதேன்? பெறுதல், இடுதல் என்ற இரு வினைகளுக்கு மேல் அம்மொழிக்குத் தெரியாதிருப்பதேன்? வந்த விடை முழுத்திரையையும் நிரப்ப வேண்டும் என்றிருப்பதேன்? இந்நான்கு வரம்புகளும் வரலாற்றில் ஏற்பட்டவை, தர்க்கத்தால் விதிக்கப்பட்டவையல்ல. குரொஸ் செய்தது, இவ்வரம்புகளை நீக்கும் சில பண்புக்கூறுகளை அக்குறிமொழியோடு சேர்த்தமையே. வாசகரைப் புதியதொரு மொழிக்கு இழுத்துச் செல்லாமல், இருக்கும் மொழியின் இலக்கணத்தை அவர் விரித்தார் என்று இலக்கண மாணவர்க்குச் சொன்னால் எளிதில் விளங்கும்.

ஓர் எடுத்துக்காட்டைக் கற்பித்துக்கொள்வோம். நூற்பட்டியல் ஒன்றின் பக்கத்தில் தேடற்பெட்டி ஒன்றும் அதன் கீழ் வெறுமையான ஓரிடமும் உள்ளன. தேடற்பெட்டியின் குறியில் நிரலாளர் நான்கு செய்திகளை எழுதுகின்றார். எச்எக்ஸ்-கெற் என்ற பண்புக்கூறு எந்த முகவரியிடம் கேட்க வேண்டும் என்பதைக் கூறும். எச்எக்ஸ்-றிகர் எப்போது கேட்க வேண்டும் என்பதையும், எச்எக்ஸ்-ராகெற் விடையை எங்கே வைக்க வேண்டும் என்பதையும், எச்எக்ஸ்-சுவொப் எவ்வாறு வைக்க வேண்டும் என்பதையும் கூறும். பழையதை நீக்கி வைப்பதா, அதன் முன்னோ பின்னோ சேர்ப்பதா என்பன இந்நான்காவதன் வகைகள். புங்குடுதீவு வாசகரொருவர் தளையசிங்கம் என்று எழுதத் தொடங்குகின்றார். அவ்வூரவரான மு. தளையசிங்கம் 1973 இல் மறைந்தவர். ஏழாண்டு இலக்கிய வளர்ச்சியில் நம்மவரோடு கடுமையாக முரண்பட்டவர். ஆயினும், அதனாலேயே எனினும் தகும், தேடி வாசிக்கப்பட வேண்டியவர். எழுத்துக்கள் பெட்டியில் விழ, நிரலகம் வழங்கியிடம் கேட்கின்றது. வழங்கி தன் தரவுத்தளத்திற் பார்த்து, நான்கைந்து நூற்பெயர்கள் கொண்ட சிறு பட்டியலை எச்.ரி.எம்.எல். ஆகவே எழுதி அனுப்புகின்றது. அது வெறுமையான இடத்தில் வந்து அமர்கின்றது. பக்கத்தின் பிற பாகங்கள் அசையவில்லை.

இதிற் தமிழுக்கு முக்கியமான ஒரு நுட்பம் உண்டு. எழுத்தொன்று விழுந்தவுடனே கேட்டால், தொகாரத்தை எழுதும் வாசகருக்காகத் தகரத்துக்கு ஒருமுறையும் பின்னர்த் தொகாரத்துக்கு மறுமுறையும் வீணே கேள்வி செல்லும். ஆதலின் விரல் ஓய்ந்து அரைநொடி சென்ற பின்னரே கேட்குமாறு எச்எக்ஸ்-றிகரில் எழுதிவிடலாம். தனி நிரல் எதுவும் வேண்டியதில்லை. மேலும், இந்நிரலகம் அனுப்பும் ஒவ்வொரு கேள்வியிலும் தான் கேட்கின்றமையைக் காட்டும் ஓர் அடையாளத்தைத் தலைப்பில் வைக்கின்றது. அதனைக் கண்டால் வழங்கி துண்டை மட்டும் அனுப்பலாம். காணாவிடின் முழுப்பக்கத்தை அனுப்பலாம்.

ஈயவெழுத்து அச்சுக்கூடங்களை அறிந்த மூத்தோர்க்கு இது புதிதன்று. முடுக்கி வைத்த பாரத்தில் ஒரு வரி பிழையென்று கண்டால், அச்சுக்கோப்பாளர் பாரத்தைத் தளர்த்தி, அவ்வரியின் எழுத்துக்களை மட்டும் களைந்து, வேறு வரியை வைத்து மீண்டும் முடுக்குவார். எவரும் பதினாறு பக்கத்தையும் கலைத்து மறுபடி கோக்கமாட்டார். பிழைதிருத்தத்தை வாசகரிடமே விட்டு, எழுத்துப்பெட்டியை அவர் வீட்டுக்கு அனுப்பவும் மாட்டார்.

சொல்லொன்றின் வரலாற்றையும் இவ்விடத்திற் குறிப்பிடல் தகும். றோய் ஃபீல்டிங் என்பவர் 2000 இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் ஏர்வைன் வளாகத்திற் சமர்ப்பித்த கலாநிதிப் பட்ட ஆய்வேட்டில் வலையின் கட்டமைப்பை விளக்க ரெஸ்ற் என்ற பெயரை ஆண்டார். அடுத்து என்ன செய்யலாம் என்பதை வழங்கி அனுப்பும் மீயுரையே வாசகருக்குக் காட்ட வேண்டும் என்பது அவர் வகுத்த நிபந்தனைகளுள் ஒன்று. வெறுந்தரவில் அத்தகைய வழிகாட்டல் இல்லை. ஒரு தரவில் அடுத்த படி எது என்பதை அறிய வேறோர் ஆவணத்தைப் படித்த நிரலாளர் வேண்டும். எனினும் ஜேசன் தரவை அனுப்பும் முறைகளுக்கே ரெஸ்ற் என்ற பெயர் பின்னர் நிலைத்துவிட்டது. ஃபீல்டிங் 2008 இல் வெளிப்படையாகவே இதனைக் கண்டித்தார், பயனில்லை. நாற்றம் என்ற சொல் நறுமணத்திலிருந்து தீமணத்துக்குச் சென்ற வரலாற்றைக் கற்பித்துவரும் நமக்கு இதில் வியப்பில்லை. ஆயினும் ஒரு சொல் எட்டே ஆண்டுகளில் தன்னை ஆக்கியவர்க்கே அந்நியமான கதை கருதத்தக்கது.

நடைமுறை விளைவு பற்றிய சான்று ஒன்று பிரான்சிலிருந்து கிடைக்கின்றது. கொன்ரெக்ஸ்ற் என்ற செய்தி நிறுவனம் றியாக்ற் கொண்டு அமைத்திருந்த தன் மென்பொருளை எச்.ரி.எம்.எக்ஸ். கொண்டு மீள எழுதிற்று. 2022 இல் நடந்த ஐரோப்பிய ஜாங்கோ மாநாட்டில் அதன் நிரலாளர் டாவிட் கியோ இவ்வனுபவத்தை எடுத்துரைத்தார். நிரல் ஏறத்தாழ 21,500 வரியிலிருந்து 7,200 ஆகக் குறைந்தது. சார்ந்திருந்த பிற ஜாவாஸ்கிரிப்ற் பொதிகள் 255 இலிருந்து 9 ஆயின. பக்கம் முதன்முறை பயன்படத்தக்க நிலைக்கு வர 2 முதல் 6 நொடிகள் எடுத்தது, 1 முதல் 2 நொடிகளாயிற்று. நமது நோக்கில் இவற்றினும் முக்கியமான செய்தி மற்றொன்று. முன்புறம், பின்புறம் எனப் பிரிந்திருந்த அச்சிறு குழுவினர் அனைவரும் முழுப்பணியையும் தாமே செய்யத்தக்கவராயினர். கருவி மாறியதும் வேலைப்பிரிவினையும் குலைந்தது. எழுத்தும் பட்டியலும் மிகுந்த மென்பொருளாதலால் அது இம்முறைக்கு இயல்பாகவே இசைந்தது என்பதையும் சேர்த்தே கூறல் வேண்டும். வரைபடம் தீட்டும் மென்பொருளுக்கோ விரிதாளுக்கோ இதே பயன் கிட்டாது.

எழுத்தும் பட்டியலும் மிகுந்தது என்றதும் நமக்கு நினைவில் எழுவது நூலகம் திட்டம். 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டமையின் நினைவை உட்கொண்டு, 2005 இல் தொடங்கப்பட்ட இவ்வெண்ணிம நூலகம் ஈழத்துத் தமிழ் நூல்களையும் இதழ்களையும் பிரசுரங்களையும் இணையத்தில் வைத்துவருகின்றது. தீவகத்தைப் பொறுத்தவரை அதன் பெறுமதி தனியானது. 1990 ஐ அடுத்த ஆண்டுகளிற் தீவுப்பகுதி மக்கள் பெருந்தொகையாக இடம்பெயர்ந்தபோது வீட்டு அலுமாரிகளும் வாசிகசாலைகளும் பின்னே விடப்பட்டன. புங்குடுதீவுக் கவிஞர் சு. வில்வரத்தினம் 1995 இல் வெளியிட்ட காற்றுவழிக் கிராமம் அவ்வெறுமையின் இலக்கியப் பதிவு. ஊர்காவற்றுறையைச் சேர்ந்த கரம்பொனிற் பிறந்த தனிநாயகம் அடிகள், 1679 இல் அச்சான புரொயென்சா பாதிரியாரின் தமிழ் போர்த்துக்கேய அகராதியை உரோமாபுரி வரை சென்று தேடி, 1966 இற் கோலாலம்பூரில் மறுபதிப்பாக வெளியிட்டார். அடிகள் கடல்கடந்து தேடியது போன்ற பொருளை இன்று அவர் ஊரவர் இருந்த இடத்திலிருந்தே தேட முடிய வேண்டும் என்பதுதான் எண்ணிம நூலகத்தின் உள்ளுறை.

அத்திட்டம் இயங்குவது விக்கிப்பீடியா பயன்படுத்தும் மீடியாவிக்கி மென்பொருளில். வழங்கியே பக்கத்தை ஆக்கியனுப்பும் பழைய மரபைச் சேர்ந்தது அது. ஆகையால் அதன் நூற்பட்டியல் இலகுவாகவே வந்துசேர்கின்றது. கனமானது நூல். வருடியெடுத்த பக்கப்படங்கள் ஒரே கோப்பாகக் கட்டப்பட்டிருப்பதால், சஞ்சிகையொன்றின் 37 ஆம் பக்கத்துக் கவிதையை மட்டும் வேண்டுவோரும் கைப்பேசியில் முழு இதழையும் இறக்கியே வாசிக்கின்றனர். துண்டாக அனுப்பும் முறை தன் முழுப்பயனையும் தரத்தக்க இடம் இதுவே. எச்.ரி.எம்.எக்ஸ். இன் தூண்டல் வகைகளுள் ஒன்று, பக்கத்தின் ஒரு பாகம் வாசகரின் பார்வைக்குள் வந்ததும் கேள்வியை எழுப்புவது. ஒவ்வொரு நூற்பக்கத்துக்கும் ஓர் இடத்தை வெறுமையாக வைத்து, வாசகர் அவ்விடத்தை எட்டும்போது மட்டும் அப்பக்கத்தின் படத்தையோ தட்டெழுதிய பாடத்தையோ பெற்று வைத்தால், 37 ஆம் பக்கத்தை வேண்டியவர் அதற்கு மட்டும் செலவழிப்பார். இதற்கு வழங்கியில் எழுத வேண்டிய நிரல் சில பத்து வரிகளே. வருடிய கோப்புக்களைப் பக்கம் பக்கமாகப் பிரித்து வைக்கும் வேலை பெரிது. அது மனித உழைப்பு. அதற்கு நிரலகம் எதுவும் மாற்றாகாது.

இம்முறையின் எல்லைகளை மறைத்துப் பேசுவது ஆய்வாகாது. ஒவ்வொரு செயலுக்கும் வழங்கியை நாட வேண்டியிருப்பது இதன் அடிப்படை முரண்பாடு. வழங்கி ஐரோப்பாவில் இருப்பின் ஏறத்தாழ 8,000 கிலோமீற்றர். கண்ணாடியிழையில் ஒளி நொடிக்கு 200,000 கிலோமீற்றர் செல்வதால், போய்வர 80 மில்லிநொடிக்குக் குறையாது. நடைமுறையில் இதனினும் மிகும். தேடலுக்கு இது பொருட்டன்று. இழுத்து நகர்த்தும் வேலைக்கு இடையூறாகும். இணைப்பே அறும் இடத்திலோ எச்.ரி.எம்.எக்ஸ். கைகொடாது. கடலில் நிற்கும் மீனவர் காற்றின் வேகத்தையும் வலை எடுத்த கணக்கையும் குறித்துக்கொள்ள வேண்டுமாயின், நிரலையும் தரவையும் கைப்பேசியிலேயே வைத்துக்கொண்டு கரை சேர்ந்ததும் வழங்கிக்கு அறிவிக்கும் முறைதான் பொருத்தமானது. அங்கே போறணை படகிலேயே இருப்பதுதான் நியாயம். தொழிலின் இயல்பைப் பாராது கருவியைப் போற்றுவதும் தூற்றுவதும் ஒரே வகைத் தவறாகும்.

மற்றுமொரு முரண்பாடு அதிகாரம் பற்றியது. ஆக்கும் உழைப்பு வழங்கிக்குத் திரும்பும்போது, எதைக் காட்டுவது, எதை மறைப்பது என்ற அதிகாரமும் வழங்கியை வைத்திருப்போரிடமே தங்குகின்றது. பெருநிறுவனங்களிடம் வாடகைக்குப் பெற்ற கணினிகளிலேயே பெரும்பாலான தமிழ்த் தளங்கள் இயங்கும் நிலையில் இது சிறிய விடயமன்று. ஆயினும் வெறுந்தரவு முறையிலும் தரவு அவ்வழங்கியிலேயே இருந்தது என்பதால், வாசகர் சுமந்த கூடுதற் சுமைக்கு ஈடாக அவருக்கு எவ்வுரிமையும் கிட்டியிருக்கவில்லை. உழைப்பு இடம்பெயர்ந்தது, உடைமை பெயரவில்லை.

கற்றல் தொடர்பான ஒரு பயனையும் கூறலாம். பக்கத்தின் மூலத்தைக் காட்டுமாறு உலாவியைக் கேட்டால், எச்.ரி.எம்.எக்ஸ். கொண்டு அமைத்த பக்கத்தில் எது எங்கே கேட்கின்றது, விடை எங்கே அமர்கின்றது என்பவை அக்குறிமொழியிலேயே வாசிக்கக் கிடக்கும். தொண்ணூறுகளில் வலைப்பக்கம் அமைக்கக் கற்றோர் பலர் இவ்வாறு பிறர் பக்கங்களைத் திறந்து பார்த்தே கற்றனர். சுருக்கித் திரித்த பல்லாயிரம் வரி நிரலுக்குள் அவ்வழி அடைபட்டுவிட்டது. வேலணையிலோ நயினாதீவிலோ கணினி கற்கும் உயர்தர மாணவருக்கு மூலம் வாசிக்கக் கிடைப்பது பாடநூல் ஒன்று கிடைப்பதற்குச் சமம். வழங்கிப் பக்கத்து நிரலைப் பைதனிலும் எழுதலாம், பி.எச்.பி. இலும் எழுதலாம், எந்த மொழியென்று இந்நிரலகம் கேட்பதில்லை. 2020 டிசம்பரில் வெளிவந்த ஹொற்வயர் போன்ற வேறு முயற்சிகளும் இதே திசையிற் செல்வன. அவற்றைத் தனியே ஆராயலாம்.

இறுதியாக ஒரு தொழிற்குறிப்பு. பக்கத்தை அமைக்கும்போது இணைப்பையும் படிவத்தையும் முதலில் இயல்பான எச்.ரி.எம்.எல். ஆகவே எழுதி, எச்எக்ஸ்-பூஸ்ற் என்ற பண்புக்கூறை அதன்மேற் சேர்த்தல் நன்று. நலிந்த இணைப்பில் 16 கிலோபைற்று நிரலகமும் பாதிவழியில் நின்றுவிடக்கூடும். அப்போதும் இணைப்பு இணைப்பாகவே இயங்கும். படிவம் படிவமாகவே செல்லும். துண்டுக்குப் பதில் முழுப்பக்கம், சற்றுத் தாமதித்து, நெடுந்தீவு வாசகரிடம் வந்துசேரும்.